எத்தனை நாளைக்கு எத்தனை நிமிஷம்?

கோவை டவுன்ஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாட்ச் ரிப்பேர் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு மேசை விளக்கு, கடை அவ்வளவுதான். வருகிறவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, “ஏனுங்ணா, வாட்ச்சு பாஸ்ட்டா ஓடுதுங்க” என்பார். கைப்பழக்கமுள்ள ரிப்பேர்காரர் உடனே பின்மூடியைத் திறந்துவிட மாட்டார். “எத்தன நாளைக்கு எத்தன நிமிசமுங்க?” என்று கேட்பார். “ஆறு நாளைக்கு ரெண்டு நிமிசமுங்க” என்று பதில் வந்தால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நாளைக்கு 20 நொடி.

எச்.எம்.டி. போன்ற பழைய சாவி வாட்சுகளில் பெரும்பாலானவை நொடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்று அடிக்கும். மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. நாளைக்கு 20 நொடி முந்துகிறது என்றால், அத்தனை லட்சத்துக்கு மேல் அது கூடுதலாக அடித்தது வெறும் 100 டிக். ரிப்பேர்காரர் லூப் என்ற குட்டி உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு, பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே இருக்கும் குட்டி முள்ளை மயிரிழை அளவுக்கு நகர்த்துகிறார். ஒரு பக்கம் எஃப் என்றும் மறு பக்கம் எஸ் என்றும் பொறித்திருக்கும். எஸ் பக்கம் தள்ளினால் ஓட்டம் தணியும். அந்த நூறு டிக்கைக் கழிக்கத்தான் இவ்வளவு பொறுமை.

வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு இதே விஷயம் ‘கடிகாரக் கணக்கு’ என்ற பெயரில் வருகிறது. கோவைக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்களின் திறனறித் தேர்வுகளிலும் தலைகாட்டுகிறது. கணக்குக்கு 40 நொடி என்ற நெருக்கடியில் பலரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். மதிப்பெண் கிடைக்கும், ருசி கிடைக்காது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடக் கணிதத்தில் இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு ஆழம் ஒளிந்திருக்கும் பகுதிகள் குறைவு. நிதானமாகப் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. தொட்டிக்கட்டு வீடு ஒன்றின் சுவரில் ஊசல் கடிகாரம் மாட்டியிருக்கிறது. அது மணிக்கு 4 நிமிஷம் பிந்தும். காலை 6 மணிக்கு மில் சங்கு ஊதும்போது சரியாக வைத்தார்கள். இரவில் அது 8 மணி காட்டுகிறது. உண்மையில் மணி என்ன?

மில் சங்கு இந்த ஊருக்குப் பொருத்தமான உரைகல். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஊதும் சங்குதான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நேரம் சொன்னது. சங்குக்குச் சோறு வடிப்பார்கள், சங்குக்குக் கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

கணக்குக்கு வருவோம். பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படிப் போவார்கள்: காலை 6 முதல் இரவு 8 வரை 14 மணி நேரம். மணிக்கு 4 நிமிஷம் என்றால் 14 தடவை 4, ஆக 56 நிமிஷம். எட்டோடு 56 சேர்த்தால் 8.56. விடை நேர்த்தியாகத்தான் தெரிகிறது. ஆனால் தப்பு.

எங்கே தப்பு? அந்த 14 மணி நேரம் யாருடையது என்று கேட்டால் தெரிந்துவிடும். அது சங்கின் 14 மணி நேரம் இல்லை; பிந்துகிற கடிகாரம் தானே எண்ணிச் சொன்ன 14. மணிக்கு 4 நிமிஷம் குறையும் என்பதில் உள்ள ‘மணி’யோ உண்மையான மணி. இரண்டு மணிகளுக்கும் பெயர் ஒன்று, நீளம் வேறு. கடிகாரம் 56 நிமிஷம் நகர்ந்தால் உலகத்தில் 60 நிமிஷம் போயிருக்கும். 56-க்கு 60 என்பது 14-க்கு 15. அது 14 மணி நேரம் காட்டினால் உண்மையில் 15 மணி நேரம். காலை 6-லிருந்து 15 மணி நேரம் என்றால் இரவு 9.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இதே கணக்கைக் கடிகாரம் இல்லாமல் கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். ஒரு தராசு 15 கிலோவை 14 என்று காட்டுகிறது, மூட்டையை வைத்தால் 140 காட்டுகிறது, மூட்டை எவ்வளவு? 150 என்று சட்டென்று பதில் வரும். தராசு பொய் சொல்கிறது என்று தெரிந்த வியாபாரிக்கு அதன் எண்ணை எப்படி வாசிப்பது என்றும் தெரியும். கடிகாரம் என்றதும் நாம் குழம்புவதற்குக் காரணம், நேரத்தை அளக்கிற கருவியையே நேரம் என்று நம்பிவிடுகிற பழக்கம். கடிகாரக் கணக்கை ரசிக்க முதலில் இந்தப் பழக்கத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். முகப்பில் தெரியும் எண்ணை நேரமாக எடுத்துக்கொள்ளாமல், தராசுக்காரர் தட்டைப் பார்ப்பதுபோல ஓர் அளவாகப் பார்க்க வேண்டும்.

இங்கே அவசரப்பட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடக் கூடாது. அந்தத் தப்பு விடையில் ஓர் அழகு இருக்கிறது. 8.56-க்கும் 9-க்கும் இடையே விடுபட்ட 4 நிமிஷம் எங்கிருந்து வந்தது? கடிகாரம் இழந்த நேரம் 56 நிமிஷம் என்று கணக்கிட்டோம். அந்த 56 நிமிஷமும் நடந்துபோன நேரம்தானே. அதற்குள்ளும் கடிகாரம் தன் விகிதப்படி பிந்தியிருக்கும். 56-ல் பதினைந்தில் ஒரு பங்கு 3 நிமிஷம் 44 நொடி. அந்த 3 நிமிஷம் 44 நொடிக்குள்ளும் அது 15 நொடி பிந்தியிருக்கும். அந்த 15 நொடிக்குள் 1 நொடி. அதற்குள் இன்னும் ஒரு துளி. 56 நிமிஷத்தோடு 3 நிமிஷம் 44 நொடி, 15 நொடி, 1 நொடி என்று கூட்டிப் பாருங்கள். 60 நிமிஷத்தில் வந்து நிற்கிறது. மேல்நிலை வகுப்பில் ‘முடிவிலாப் பெருக்குத் தொடர்’ என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தும் விஷயம், சுவரில் மாட்டிய கடிகாரத்துக்குள் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே வீட்டில் எதிர்ச்சுவரில் மணிக்கு 4 நிமிஷம் முந்துகிற கடிகாரம் ஒன்று இருந்தால், அதே நேரத்தில் அது என்ன காட்டும்? 15 மணி நேரத்தில் அது 16 மணி நேரம் ஓடியிருக்கும், இரவு 10. அதைப் பார்த்து அவசரக்காரர், 16 தடவை 4, ஆக 64 நிமிஷத்தைக் கழிப்பார். பத்திலிருந்து 64 நிமிஷம் போனால் 8.56. பிந்துகிற கடிகாரத்தில் செய்த தப்பும் முந்துகிற கடிகாரத்தில் செய்த தப்பும் ஒரே விடையில் போய்ச் சேர்கின்றன! இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, ஒரே விடை வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று கைகுலுக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இந்தக் கணக்கின் எலும்புக்கூடு மிகப் பழையது. தெரிந்த மூன்றிலிருந்து தெரியாத நான்காவதைக் காண்பதைத் திரைராசிகம் என்பார்கள். ஆரியபட்டர் 499-ல் எழுதிய நூலிலேயே அது இருக்கிறது. தமிழ்நாட்டில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் படித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. நேரத்தை அளக்க அவர்களிடம் இருந்தது நாழிகை. நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அடியில் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி அமிழும் நேரத்தை எண்ணினார்கள். முல்லைப்பாட்டில்கூட நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். வட்டிலின் துளை தேய்ந்து அகன்றால் சீக்கிரம் அமிழும், நாழிகை முந்தும். துளையில் பாசி அடைத்தால் மெதுவாக அமிழும், நாழிகை பிந்தும். பாஸ்ட், ஸ்லோ என்ற சொற்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தொல்லை இருந்திருக்கிறது.

அடுத்து, குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு விஷயங்கள். வீட்டில் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று கடிகாரத்தைப் பத்து நிமிஷம் தள்ளி வைக்கிறார்கள். ‘பத்து நிமிஷம் பாஸ்ட்’ என்றுதான் அதையும் சொல்கிறோம். ஆனால் அது வேகமாக ஓடவில்லை. இன்றும் பத்து, அடுத்த ஆடியிலும் பத்துதான். இது முன்னிருப்பு. ரிப்பேர்கடைக்குப் போன வாட்ச்சோ ஆறு நாளில் 2 நிமிஷம், அறுபது நாளில் 20 நிமிஷம் என்று நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும். இது போக்கு. கணக்கின் முதல் வரியைப் படிக்கும்போதே முன்னிருப்பா, போக்கா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முன்னிருப்புக்குக் கோவையை ஒட்டிய போத்தனூர் நல்ல உதாரணம். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்கு ரயில் பாதை போடப்பட்டபோது போத்தனூர் அதன் வழியில் அமைந்தது. அன்றைய ரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. சென்னையைவிடக் கோவை ஏறக்குறைய 3.3 பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம். ஆக, சென்னையில் உச்சி வேளையானபிறகு கோவையில் உச்சி வேளை வர 13 நிமிஷம் ஆகும். ஊர் சூரியனைப் பார்த்து நாளைக் கழித்தவருக்கு ஸ்டேஷன் கடிகாரம் எப்போதும் 13 நிமிஷம் முன்னால்தான் நின்றிருக்கும். 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்தபோது இன்னும் 9 நிமிஷம் கூடியது. இன்று கோவைக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் ஊர் நேரத்துக்கு 22 நிமிஷம் முன்னால் வாழ்கிறார்கள். யாருடைய கடிகாரமும் வேகமாக ஓடவில்லை.

சூரியன்தான் சரியான கடிகாரம் என்று அடுத்துச் சொல்லத் தோன்றும். அதுவும் ஆண்டுக்குள் முந்தும், பிந்தும். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், கோவையில் நவம்பர் தொடக்கத்தில் 12.06-க்கே உச்சிக்கு வந்துவிடும் சூரியன், பிப்ரவரி நடுவில் 12.36 வரை காத்திருக்க வைக்கும். அரை மணி நேர வித்தியாசம். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்துவந்தால் எந்தக் குழந்தையும் இதைத் தன் கண்ணால் பார்க்கலாம்.

ரசனையின் அடுத்த படி, இரண்டு கடிகாரக் கணக்கு. அண்ணன் வீட்டுக் கடிகாரம் நாளைக்கு 3 நிமிஷம் முந்துகிறது. தம்பி வீட்டுக் கடிகாரம் 2 நிமிஷம் பிந்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்கு இரண்டையும் சரியாக வைத்தார்கள். மறுபடி எப்போது இரண்டும் ஒரே நேரம் காட்டும்?

நாளைக்கு 5 நிமிஷம் விலகுகின்றன. முகப்பில் 12 மணிதான், அதாவது 720 நிமிஷம். 720-ஐ ஐந்தால் வகுத்தால் 144. ஆக 144-ஆம் நாள் பகல் 12 மணிக்கு இரண்டும் ஒன்றுபடும். தேர்வில் விடையைக் குறித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் என்ன காட்டுகின்றன என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அண்ணன் கடிகாரம் 432 நிமிஷம், அதாவது 7 மணி 12 நிமிஷம் முந்தியிருக்கும். தம்பியுடையது 288 நிமிஷம், அதாவது 4 மணி 48 நிமிஷம் பிந்தியிருக்கும். இரண்டிலும் 7.12. நட்ட நடுப்பகலில் இரண்டு கடிகாரங்கள் முழு ஒற்றுமையோடு 7.12 என்று சாதிக்கின்றன.

இரண்டும் சேர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்? அண்ணன் கடிகாரம் 240 நாளுக்கு ஒருமுறை சரியாகும், தம்பியுடையது 360 நாளுக்கு ஒருமுறை. மீச்சிறு பொது மடங்கு 720. ஆறாம் வகுப்பில் எதற்குப் படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்த மீ.சி.ம. இங்கே வந்து கதவைத் திறக்கிறது. இரண்டு ஆண்டுக்குப் பத்து நாள் குறைவு.

லூயிஸ் கரோல், ஆலிஸ் கதையை எழுதியவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியராக இருந்தவர். நின்றுபோன கடிகாரம் நல்லதா, நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்தும் கடிகாரம் நல்லதா என்று அவர் ஒரு புதிர் போட்டார். நின்றுபோனது நாளைக்கு இரண்டு முறை சரியாகக் காட்டும். பிந்துவது 720 நாளுக்கு ஒருமுறைதான். எண்ணிக்கைப்படி நின்ற கடிகாரமே மேல்! புதிர் சிரிப்பூட்டுகிறது. ஆனால் வீட்டில் எதை வைத்துக்கொள்வோம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. நின்ற கடிகாரம் எப்போது சரியாக இருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துவதிடம், திருத்தி எத்தனை நாளாயிற்று என்பது தெரிந்தால் எந்த வேளையிலும் சரியான நேரத்தை வாங்கிவிடலாம்.

கடலோடிகள் உயிரை நம்பி ஒப்படைத்ததே இந்த உண்மையின் மேல்தான். ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர் செய்த நான்காவது கடல் கடிகாரம் 1761 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி ஜமைக்கா சேர்ந்தது. அதன் பிழை 5 நொடி மட்டுமே என்று வரலாற்றுப் புத்தகங்கள் வியக்கும். அந்த 5 நொடிக்குப் பின்னால் ஒரு கழித்தல் இருப்பதைப் பலர் சொல்வதில்லை. கடிகாரம் நாளைக்கு இரண்டே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும் என்று கிளம்புமுன்பே அளந்து எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் சரிபார்த்ததிலிருந்து ஜமைக்காவில் சோதித்தது வரை 81 நாள்; நாளைக்கு 2⅔ நொடி வீதம் 216 நொடி, அதாவது 3 நிமிஷம் 36 நொடி. அதைக் கூட்டித் திருத்திய பிறகு மிஞ்சியதுதான் 5 நொடி. கடிகார நேரத்தை வைத்துத்தான் கப்பல் கிழக்கு மேற்கில் தன் இடத்தைக் கணிக்கும்; நிலநடுக்கோட்டில் 4 நொடிப் பிழைக்கு ஒரு கடல் மைல். திருத்தாமல் விட்டிருந்தால் கப்பல் தன் இடத்தை 50 மைலுக்கு மேல் தவறாகக் கணித்திருக்கும். டவுன்ஹால் ரிப்பேர்காரர் கேட்ட கேள்வியும் ஹாரிசனிடம் கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றுதான்.

கடிகாரம் ஏன் பிந்துகிறது என்று தெரிந்தால் கணக்கின் சுவை இன்னும் கூடும். சுவர்க் கடிகாரத்தின் ஊசல் குண்டுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் குண்டு இறங்கி ஊசல் நீளும், ஓட்டம் மெதுவாகும். அரை நொடி ஊசலின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டால் நாளைக்கு ஏறக்குறைய 3 நிமிஷம் பிந்தும். வெயிலும் இந்த வேலையைச் செய்யும். இரும்புத் தண்டு ஒரு டிகிரி சூட்டுக்கு நாளைக்கு அரை நொடி பிந்த வைக்கும். ஈரோட்டுச் சித்திரைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தை ஊசல் உணர்ந்துகொண்டேதான் ஆடுகிறது.

அதே கடிகாரத்தை மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கொண்டுபோனால்? கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். உயரம் கூடினால் ஈர்ப்பு துளி குறையும், ஊசல் சோம்பும். மலையின் சொந்த எடையும் கொஞ்சம் இழுப்பதால் கணக்கு சற்று மாறும். ஆனாலும் நாளைக்கு 15 முதல் 25 நொடி வரை பிந்தும். ஊட்டிக் குளிரில் தண்டு சுருங்கி அதில் ஐந்தாறு நொடியை மீட்டுக்கொடுக்கும். 1672-ல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலர் பாரிஸில் திருத்திய கடிகாரத்தை நிலநடுக்கோட்டை ஒட்டிய கயேனுக்குக் கொண்டுபோனபோது நாளைக்கு இரண்டரை நிமிஷம் பிந்தியது. பூமி சரியான உருண்டையாக இல்லை, நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது என்று நியூட்டன் நிறுவ அந்த இரண்டரை நிமிஷம் சான்றானது.

காந்திபுரத்தில் நின்று கைபேசியில் டாக்சி பிடிக்கும்போதும் ஒரு கடிகாரக் கணக்கு நடக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரம், ஐன்ஸ்டைனின் சார்பியல் காரணமாக, தரையில் உள்ளதைவிட நாளைக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். ஆகவே அதைத் தரையிலேயே வேண்டுமென்று அந்த அளவுக்கு மெதுவாக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். ஒரே நாளில் காந்திபுரத்து டாக்சி பல கிலோமீட்டர் தள்ளி எங்கோ தேடப் போயிருக்கும்.

கடைசியாக, இந்த வகையில் மிக நயமான கணக்கு. ஒரு கடிகாரத்தின் இரண்டு முட்களும் உண்மையான 65 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. அது முந்துகிறதா, பிந்துகிறதா? எவ்வளவு? சங்கு இல்லை, இன்னொரு கடிகாரத்தின் முகப்பு இல்லை; முட்களின் சந்திப்பு மட்டும்தான் தடயம். 12 மணி நேரத்தில் பெரிய முள் சின்ன முள்ளைப் பதினொரு தடவை பிடிக்கும். ஆகவே எந்தக் கடிகாரமானாலும், அதன் சொந்தக் கணக்கில் 720-ஐப் பதினொன்றால் வகுத்த நேரத்துக்கு ஒருமுறைதான் முட்கள் சேர முடியும்: 65 நிமிஷம் 27 நொடி சொச்சம். கடிகாரம் எவ்வளவு தாறுமாறாக ஓடினாலும் இதை அதனால் மீற முடியாது. பல்சக்கரங்கள் அப்படிக் கோத்திருக்கின்றன. உலகத்தில் 65 நிமிஷம் போனபோது இது 65 நிமிஷம் 27 நொடி போய்விட்டது. முந்துகிறது. நாளைக்குப் பத்து நிமிஷம் நாலு நொடி.

படித்ததோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் பரணில் கிடக்கும் சாவிக் கடிகாரமோ, ஹாலில் செல் போட்டு ஓடும் சாதாரணச் சுவர்க் கடிகாரமோ, ஏதாவது ஒன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை கைபேசி நேரத்துக்கு நொடி பிசகாமல் வையுங்கள். சாவிக் கடிகாரமென்றால் தினமும் ஒரே வேளையில் சாவி கொடுத்துப் பத்து நாள் விடுங்கள். செல் கடிகாரமென்றால் ஒரு மாதம் விடுங்கள். அது மாதத்துக்குச் சில நொடிதான் நகரும். நடுவில் முள்ளைத் தொடவே கூடாது. பிறகு வித்தியாசத்தைப் பார்த்து, பிள்ளைகளை உட்கார வைத்து வகுக்கச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணையும் திருத்தி வைத்த தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடிகாரத்தின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.